ஸ்கூல் போர்டுக்குப் போட்டியிட விரும்பினால் முதலில் பட்ஜெட்டைப் படியுங்கள்

கேள்வி கேட்டவர் கலிஃபோர்னியாவில் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் இருப்பவர். சமீபத்தில் குடியுரிமை கிடைத்திருக்கிறது. இரண்டு பிள்ளைகளும் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். உள்ளூர் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்க மக்கள் தேர்ந்தெடுக்கும் குழுவான ஸ்கூல் போர்டுக்கு நிற்கலாமா, என்ன தகுதி வேண்டும், எவ்வளவு செலவாகும், ஜெயித்தால் உண்மையில் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறார். கணக்குப் பாடத்தின் தரம், தமிழ் படித்தால் கிரெடிட், பள்ளிப் பாதுகாப்பு ஆகிய மூன்றும் தன் முன்னுரிமைகள் என்கிறார்.

நிற்கலாம். சட்டம் கேட்கும் தகுதி மிகக் குறைவு. 18 வயது, குடியுரிமை, அந்தப் பள்ளி நிர்வாக வட்டாரத்துக்குள் (டிஸ்ட்ரிக்ட்) வீடு, வாக்காளர் பட்டியலில் பெயர், இவ்வளவுதான். பட்டம் வேண்டாம், ஆசிரியர் அனுபவம் வேண்டாம், பிள்ளை அங்கே படிக்க வேண்டும் என்றுகூட இல்லை. அதே டிஸ்ட்ரிக்டில் சம்பளம் வாங்குபவர் மட்டும் பதவியேற்கும் முன் வேலையை விட வேண்டும். நான் டிஸ்ட்ரிக்டின் பெற்றோர் ஆலோசனைக் குழுவிலும், பள்ளிக் கட்டடங்களுக்காகக் கடன்பத்திரம் (பாண்டு) மூலம் திரட்டும் பணத்தைக் கவனிக்கும் மேற்பார்வைக் குழுவிலும் இருந்திருக்கிறேன். தெரிந்தவர்கள் நின்றபோது வீடு வீடாகப் போயும் இருக்கிறேன். அங்கே பார்த்தவரை, நிற்பது சுலபம். எதற்காக நிற்கிறோம் என்பதில்தான் நம்மவர்கள் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். உங்கள் பட்டியலும் அப்படித்தான் இருக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், காரணத்தை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் நீங்கள் எந்த டிஸ்ட்ரிக்டில் இருக்கிறீர்கள் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், இதில் குழம்புகிறவர்கள் அதிகம். ஃப்ரீமான்ட் யூனியன் ஹைஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் ஃப்ரீமான்ட் நகரத்தில் இல்லை. அது விரிகுடாவின் அந்தப் பக்கம் கூப்பர்ட்டினோ, சன்னிவேல் பகுதிகளுக்கானது. ஃப்ரீமான்ட் நகரத்துக்கு ஃப்ரீமான்ட் யூனிஃபைட் என்று தனி டிஸ்ட்ரிக்ட். கூப்பர்ட்டினோவில் எட்டாம் வகுப்பு வரை ஒரு டிஸ்ட்ரிக்ட், ஒன்பதாம் வகுப்பிலிருந்து வேறொன்று, இரண்டுக்கும் தனித்தனி போர்டு. மாநிலம் முழுக்க 900-க்கும் மேல் டிஸ்ட்ரிக்டுகள் உண்டு. நகர எல்லைக்கும் இவற்றின் எல்லைக்கும் பல இடங்களில் சம்பந்தமே இருக்காது. கவுண்டி (நம்மூர் மாவட்டம் போல) தேர்தல் அலுவலகத்தின் இணையதளத்தில் முகவரியைப் போட்டால் சொல்லிவிடும்.

அடுத்து, போர்டு என்ன செய்கிறது. பெரும்பாலான இடங்களில் ஐந்து பேர், சில இடங்களில் ஏழு பேர். நான்கு வருடப் பதவி, கட்சி சார்பில்லாத தேர்தல், சிறு மாதாந்திரத் தொகை. அதை நம்பி வேலையை விட முடியாது. டிஸ்ட்ரிக்டின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டெண்டென்டை நியமிப்பதும் மாற்றுவதும், வருடாந்திர பட்ஜெட்டை நிறைவேற்றுவதும், ஆசிரியர் சங்கத்தோடு போடும் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தருவதும் இந்தப் போர்டுதான். பாடநூல் தேர்வு, எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்ற எல்லை, பள்ளியைத் திறப்பது மூடுவது, அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தில் நடக்கும் சார்ட்டர் பள்ளிக்கான விண்ணப்பம் எல்லாம் அங்கேதான் வரும். உங்கள் மகனின் வகுப்பில் எந்த ஆசிரியர் இருக்க வேண்டும் என்பது வராது. மாநிலமே முடிவு செய்துவிட்டவையும் வராது. உதாரணமாக, ஹைஸ்கூல் காலை 8:30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று 2019-ல் மாநிலம் சட்டம் போட்டது, 2022 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. போர்டு விரும்பினாலும் மாற்ற முடியாது. பாடத்திட்டத் தரம், மாநிலத் தேர்வு, ஆசிரியர் பணி நிரந்தரத்துக்கான விதி எல்லாம் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் எழுதப்படுபவை.

இன்னொன்று, தனி உறுப்பினருக்கு அதிகாரம் எதுவும் கிடையாது. பிரின்சிபலைக் கூப்பிட்டு "இதைச் செய்" என்று சொல்ல முடியாது. ஐந்து பேர் போர்டில் மூன்று பேர் சேர்ந்து கை தூக்கினால்தான் ஒரு காரியம் நடக்கும். பிரசாரத்தில் "நான் கொண்டுவருவேன்" என்று பேசுகிற வேட்பாளரைப் பார்த்தால், மற்ற இரண்டு ஓட்டு எங்கே என்று கேட்கத் தோன்றும்.

போர்டு தன் வேலையை விட்டு வேறெதிலோ மூழ்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2021 ஜனவரியில், கோவிடால் பள்ளிகள் மூடிக்கிடந்த நேரத்தில், சான் ஃபிரான்சிஸ்கோ போர்டு 44 பள்ளிகளின் பெயரை மாற்றத் தீர்மானம் போட்டது. ஆபிரகாம் லிங்கன் பெயரும் அதில் இருந்தது. பிள்ளைகள் வீட்டில் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், டிஸ்ட்ரிக்டின் பட்ஜெட் பள்ளத்தில் இருந்தது, கூட்டங்கள் நள்ளிரவு வரை வேறெதையோ பேசிக்கொண்டிருந்தன. மதிப்பெண் பார்த்துச் சேர்த்துவந்த லோவல் ஹைஸ்கூலின் சேர்க்கை முறையை மாற்றியதில் ஆசியப் பெற்றோரின் கோபமும் சேர்ந்துகொண்டது. அந்தப் பெயர் மாற்றத் தீர்மானத்தைச் சில மாதங்களில் போர்டே திரும்பப் பெற்றது. ஆனாலும் 2022 பிப்ரவரி 15-ல் நடந்த பதவி நீக்கத் தேர்தலில் மூன்று உறுப்பினர்களை வாக்காளர்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள், பெரிய வித்தியாசத்தில். அந்த நகரம் பழமைவாத நகரம் அல்ல என்பது உலகத்துக்கே தெரியும். பெயர் மாற்றம் சரியா தவறா என்பது இங்கே பேச்சில்லை. பள்ளியை எப்போது திறப்பீர்கள் என்ற கேள்விக்குப் பதில் வராததில்தான் மக்கள் பொறுமை இழந்தார்கள்.

இனி பணம். இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே இதற்குள் அடக்கம்.

கலிஃபோர்னியாவில் 1978-ல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவு சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்தோடு நிறுத்தியது. வீடு கைமாறும் வரை அந்த மதிப்பும் வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. அதற்குப் பிறகு உள்ளூர் போர்டு தானாக வரியை உயர்த்திப் பள்ளி நடத்தும் வழி போய்விட்டது. பணத்தின் கடிவாளம் மாநிலத்துக்குப் போனது. 1988-ல் வந்த 98-ஆம் முன்மொழிவு மாநில பட்ஜெட்டில் கல்விக்குக் குறைந்தபட்சப் பங்கை உறுதி செய்தது. 2013-ல் ஜெர்ரி பிரவுன் ஆட்சியில் இப்போதுள்ள சூத்திரம் வந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அடிப்படைத் தொகை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை, வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பிள்ளை என்றால் அதற்கு மேல் 20 சதவீதம். அப்படிப்பட்ட பிள்ளைகள் ஒரு டிஸ்ட்ரிக்டில் 55 சதவீதத்தைத் தாண்டினால் மேலும் கூடுதல் தொகை உண்டு.

நியாயமான சூத்திரம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நம்மவர்கள் அதிகம் வாழும் ஊர்களில் அந்தக் கூடுதல் தொகை பெரும்பாலும் குறைவாகவே வரும். வீட்டு விலை பதினைந்து லட்சம் டாலர், பள்ளிக்கு ஏன் பணமில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் எழுந்து கேட்பார். பதில் இந்தச் சூத்திரத்தில் இருக்கிறது. பாலோ ஆல்டோ போன்ற சில டிஸ்ட்ரிக்டுகளில் மட்டும் உள்ளூர் சொத்து வரியே சூத்திரத் தொகையைத் தாண்டிவிடும். அந்த உபரியை அவர்களே வைத்துக்கொள்ளலாம். உங்கள் டிஸ்ட்ரிக்ட் இந்த இரண்டில் எந்த வகை என்று தெரியாமல் மேடையேறாதீர்கள். ஒரே ஒரு கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்.

இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. இங்கே பணம் வருவது பதிவேட்டில் உள்ள பெயருக்கு இல்லை, தினசரி வருகையின் சராசரிக்கு. அமெரிக்காவில் மிகச் சில மாநிலங்களே இப்படிச் செய்கின்றன. பிள்ளை வராத நாளுக்கு ஆசிரியர் சம்பளம் குறையாது, மின்கட்டணம் குறையாது, வருமானம் மட்டும் குறையும். டிசம்பரில் பள்ளி நாளையும் சேர்த்து மூன்று நான்கு வாரம் ஊருக்குப் போய்வருகிற நம் வழக்கம் எங்கே போய் விழுகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

செலவுப் பக்கம் பார்த்தால் பட்ஜெட்டின் பெரும்பகுதி சம்பளமும் சலுகைகளும்தான். ஆசிரியர் ஓய்வூதிய நிதிக்கு டிஸ்ட்ரிக்ட் கட்டும் பங்கு 2013-14-ல் சம்பளத்தில் 8.25 சதவீதமாக இருந்தது, இப்போது 19.1 சதவீதம். சம்பளம் ஒரு டாலர்கூட உயராவிட்டாலும் இந்தச் செலவு ஏறியிருக்கும். சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைகளுக்கான 1975 மத்தியச் சட்டம், நாட்டில் ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை வாஷிங்டன் தரும் என்றது. அந்த அளவை அது ஒருநாளும் எட்டியதில்லை. மீதியை மாநிலமும் டிஸ்ட்ரிக்டின் பொது நிதியும் சுமக்கின்றன. இந்தச் சேவை சட்டப்படி கட்டாயம், அறப்படியும் கட்டாயம். ஆகவே "சிறப்புக் கல்விக்கு ஏன் இவ்வளவு" என்று கேட்கும் வேட்பாளருக்கு ஓட்டுப் போடாதீர்கள், அப்படி ஒருவராக நீங்களும் இருக்காதீர்கள். வெளியே தனியார் இடங்களுக்கு அனுப்பிக் கட்டும் பணத்தில் எவ்வளவை நம் பள்ளிக்குள்ளேயே நல்ல வகுப்பாக மாற்றலாம் என்று கேட்டால் அது பயனுள்ள கேள்வி.

பிறகு, பாண்டு பணம் வேறு, நடைமுறைப் பணம் வேறு. கட்டடப் பாண்டுக்கு 55 சதவீத ஓட்டு போதும். அந்தப் பணத்தில் சுவர் கட்டலாம், கூரை மாற்றலாம், ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. மனைக்கு இத்தனை டாலர் என்று போடும் பார்சல் வரியில் சம்பளம் கொடுக்கலாம், ஆனால் அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். புது ஜிம் எழும்புகிற அதே வருடத்தில் நூலகரை வேலையை விட்டு அனுப்புவது ஏன் என்று பெற்றோர் கொதிப்பார்கள். மேற்பார்வைக் குழுவில் இருந்தபோது இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டது.

எல்லாவற்றுக்கும் மேலாக மாணவர் எண்ணிக்கை சரிகிறது. 2019-20-ல் மாநில அரசுப் பள்ளிகளில் ஏறத்தாழ 61.6 லட்சம் பிள்ளைகள் இருந்தார்கள், 2024-25-ல் 58 லட்சம் சொச்சம். பிறப்பு விகிதம் குறைந்தது, வாடகையும் வீட்டு விலையும் இளம் குடும்பங்களை வெளியே தள்ளுகின்றன. கூப்பர்ட்டினோ போன்ற, பள்ளிக்காகவே மக்கள் வீடு வாங்கும் இடத்திலேயே 2022-ல் தொடக்கப்பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. ஓக்லண்டில் 2022 பிப்ரவரியில் பள்ளிகளை மூடத் தீர்மானித்தார்கள், பெரும் எதிர்ப்பு எழுந்தது. 2023 ஜனவரியில் புது உறுப்பினர்களோடு கூடிய போர்டு மீதமிருந்த மூடல்களைக் கைவிட்டது. மூடுவது சரி என்றோ தவறு என்றோ இங்கிருந்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் ஓக்லண்டுக்குப் பழைய கதை ஒன்று உண்டு. 2003-ல் திவாலாகும் நிலைக்குப் போய், மாநிலம் 100 மில்லியன் டாலர் கடன் கொடுத்து நிர்வாகத்தையே எடுத்துக்கொண்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட போர்டு பெயருக்கு உட்கார்ந்திருந்தது. முழு அதிகாரம் 2009-ல்தான் திரும்பியது, கடன் அடைந்து முடிய 2025 ஆயிற்று. பட்ஜெட்டைக் கவனிக்காத போர்டுக்குக் கடைசியில் மிஞ்சுவது பெயர்ப்பலகை மட்டும்தான்.

இது நடக்காமல் தடுக்க ஒரு எச்சரிக்கை முறை இருக்கிறது. வருடத்தில் இரண்டு முறை, டிசம்பர் நடுவிலும் மார்ச் நடுவிலும், இடைக்கால நிதி அறிக்கையைப் போர்டு ஏற்க வேண்டும். நடப்பாண்டையும் அடுத்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்து, சமாளிக்க முடியும், சந்தேகம், முடியாது என்ற மூன்றில் ஒரு சான்று தர வேண்டும். கவுண்டி கல்வி அலுவலகம் அதைச் சரிபார்க்கும். சம்பள ஒப்பந்தத்துக்கு ஓட்டுப் போடும் முன் அதன் முழுச் செலவையும் பொதுவில் வெளியிட வேண்டும் என்பதும் சட்டம். இந்தத் தாள்கள் எல்லாம் இணையத்தில் கிடக்கும், படிப்பவர்கள்தான் குறைவு. ஒருமுறை மட்டும் வரும் பணத்தை வைத்து வருடாவருடம் தொடரும் சம்பள உயர்வு கொடுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். கோவிட் காலத்து மத்திய நிதி 2024 செப்டம்பரோடு முடிந்தபோது பல டிஸ்ட்ரிக்டுகள் சிக்கியது இப்படித்தான்.

சரி, உங்கள் மூன்று முன்னுரிமைகளுக்கு வருகிறேன்.

பாதுகாப்பு: ஒவ்வொரு பள்ளியும் பாதுகாப்புத் திட்டத்தை ஆண்டுதோறும் மார்ச் 1-க்குள் புதுப்பிக்க வேண்டும். உங்கள் பள்ளியின் திட்டத்தை வாங்கிப் பாருங்கள். இதில் எதிர்க் கருத்தே கிடையாது, ஆகவே தேர்தல் கோஷமாக இது எடுபடாது.

கணக்கு: இதில் விஷயம் இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோ 2014-ல் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ராவை எடுத்துவிட்டது. எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக முன்னேற வேண்டும் என்பது நோக்கம். வசதியுள்ளவர்கள் வெளியே பணம் கட்டிப் படிக்கவைத்துவிட்டார்கள், வசதியில்லாத ஆனால் திறமையுள்ள பிள்ளைக்குத்தான் கதவு மூடியது. பத்து வருடம் கழித்து, 2024-ல் போர்டு அதைத் திரும்பக் கொண்டுவர முடிவெடுத்தது, வாக்காளர்களும் மார்ச் மாதம் ஆலோசனை வாக்கெடுப்பில் ஆதரித்தார்கள். உங்கள் கையில் இருக்கும் கருவி வேறு. 2015-ல் வந்த மாநிலச் சட்டப்படி, ஒன்பதாம் வகுப்பில் யாரை எந்தக் கணக்கு வகுப்பில் போடுவது என்பதற்கு வெளிப்படையான, பல அளவுகோல்கள் கொண்ட கொள்கையை ஒவ்வொரு போர்டும் வைத்திருக்க வேண்டும். தவறாகப் போட்டிருந்தால் பெற்றோர் முறையிட வழியும் அதில் இருக்க வேண்டும். உங்கள் டிஸ்ட்ரிக்டின் கொள்கையை எடுத்துப் படியுங்கள். "கணக்குத் தரத்தை உயர்த்துவேன்" என்பதைவிட "இந்தக் கொள்கையின் இந்த விதியை இப்படி மாற்றுவேன்" என்று சொல்பவரை ஆசிரியர்களும் மதிப்பார்கள். ஒன்று மட்டும் கவனம். நம் வீட்டுப் பிள்ளை இரண்டு வகுப்பு தாண்டிப் போவதற்கான வழியாக மட்டும் இதைப் பேசினால், மீதி ஊர் உங்களை ஒரு சமூகத்தின் பிரதிநிதியாகவே பார்க்கும்.

தமிழ்: ஆசை நியாயமானது. வழியும் ஏற்கெனவே இருக்கிறது. 1998-ல் தொடங்கிய கலிஃபோர்னியா தமிழ்க் கழகத்தில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சில டிஸ்ட்ரிக்டுகள் ஹைஸ்கூல் மொழிப் பாடத்துக்கான கிரெடிட் தருகின்றன. இருமொழித் திறனுக்கான மாநில முத்திரையை அமெரிக்காவிலேயே முதலில் சட்டமாக்கியதும் கலிஃபோர்னியாதான், 2011-ல். ஸ்பானிஷ், சீனம் போல கல்லூரி அளவிலான ஏபி தேர்வு தமிழுக்கு இல்லாததால் திறனை எப்படிச் சோதிப்பது என்பதில் டிஸ்ட்ரிக்டுதான் வழி செய்ய வேண்டும். ஆனால் இதற்கு நீங்கள் போர்டில் உட்கார வேண்டியதில்லை. பெற்றோர் பத்துப் பேர் ஒழுங்கான மனுவோடு போனாலே போதும், பஞ்சாபி, தெலுங்கு, வியட்நாமியப் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

உங்கள் பட்டியலில் இல்லாத இரண்டை நான் முதலில் வைப்பேன். ஒன்று, வாசிப்பு. மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் சரளமாக வாசிக்காத பிள்ளைக்குப் பிறகு எல்லாப் பாடமும் சுவராகிவிடும். 2023-ல் வந்த சட்டப்படி, 2025-26 முதல் கிண்டர்கார்ட்டனிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் வாசிப்புச் சிரமம் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். சோதனைக் கருவியைத் தேர்ந்தெடுப்பது போர்டின் வேலை. சோதித்துச் சிரமம் தெரிந்த பிள்ளைக்கு அடுத்து என்ன செய்கிறார்கள், எத்தனை வாரத்தில் செய்கிறார்கள், அதற்கு ஆள் இருக்கிறதா? இதைக் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கும் ஒரு உறுப்பினர் இருந்தாலே நிறைய மாறும்.

இரண்டு, வருகை. பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வராத பிள்ளைகள் 2018-19-ல் மாநிலத்தில் 12 சதவீதம், 2021-22-ல் 30 சதவீதம், 2023-24-ல் 20 சதவீதம். இறங்கியிருக்கிறது, பழைய நிலைக்கு வரவில்லை. இதைச் சரிசெய்தால் படிப்பும் தேறும், வருமானமும் வரும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழுகிற இடம் பள்ளி நிர்வாகத்தில் அபூர்வம், இது அதில் ஒன்று.

இப்போது நிற்பது பற்றி. 2026 நவம்பர் 3 தேர்தல் என்றால் மனுத்தாக்கல் ஜூலை 13 முதல் ஆகஸ்ட் 7 வரை. இருக்கிற உறுப்பினர் மனுப் போடவில்லையென்றால் ஆகஸ்ட் 12 வரை நீளும். மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வாக்காளர் கையேட்டில் உங்களைப் பற்றிய 200 சொல் அறிக்கை வர வேண்டுமென்றால் அதற்குப் பணம் கட்ட வேண்டும், கவுண்டியைப் பொறுத்துச் சில நூறு டாலரிலிருந்து சில ஆயிரம் வரை போகும். அதில் கஞ்சத்தனம் வேண்டாம். பெரும்பாலான வாக்காளர்கள் உங்களைப் பற்றிப் படிக்கப்போவது அது ஒன்றைத்தான். ஒரு டாலர் வாங்கும் முன், செலவழிக்கும் முன், போட்டியிடும் எண்ணத்தை அறிவிக்கும் படிவம் 501 போட வேண்டும். திரட்டுவது 2,000 டாலரைத் தொட்டால் படிவம் 410 போட்டுக் குழு பதிவு செய்து, தனி வங்கிக் கணக்கு திறந்து, கணக்குக் காட்ட வேண்டும். சொந்தச் சொத்து, பங்கு விவரங்களுக்குப் படிவம் 700. கம்பெனிப் பங்குகளைக் கையில் வைத்திருக்கும் மென்பொருள்காரர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

நம்மவர்களுக்கென்றே ஒரு எச்சரிக்கை. எச்1பி, எல்1, எஃப்1 விசாவில் இருக்கும் நண்பர்கள் உங்களுக்கு நன்கொடை தரக் கூடாது. மத்தியச் சட்டம் உள்ளூர்த் தேர்தலுக்கும் பொருந்தும். பச்சை அட்டை இருந்தால் தரலாம். விசாவில் இருப்பவர் சம்பளமில்லாமல் தொண்டராக உங்களோடு வீடு வீடாக வரலாம், பணம் மட்டும் கூடாது. தீபாவளி விருந்தில் டப்பாவைச் சுற்றவிட்டு வசூல் செய்யும் பழக்கத்தை இதில் கொண்டுவராதீர்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு விசித்திரம்: 2016-ல் நிறைவேறிய முன்மொழிவின்படி, குடியுரிமை இல்லாத பெற்றோரும் ஸ்கூல் போர்டு தேர்தலில் ஓட்டுப் போடலாம். வழக்குப் போய் 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை அனுமதித்தது. ஆனால் அங்கே பதிவு செய்தால் அந்த விவரம் குடியேற்றத் துறைக்குப் போகலாம் என்று நகரமே எச்சரிக்கிறது. உங்கள் ஊரில் அது இல்லையென்றால் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

பல டிஸ்ட்ரிக்டுகளில் இப்போது பகுதிவாரித் தேர்தல். 2002-ல் வந்த மாநில வாக்குரிமைச் சட்டத்தின் விளைவு அது. முன்பு ஊர் முழுக்கச் சுற்ற வேண்டியிருந்தது, இப்போது உங்கள் பகுதிக்குள் சில ஆயிரம் வீடுகள்தான். காலால் நடந்தே ஜெயிக்கலாம். ஓட்டுச் சீட்டு எல்லாருக்கும் அக்டோபர் தொடக்கத்திலேயே தபாலில் போய்விடும், ஆகவே கடைசி வாரத்துக்கென்று எதையும் ஒதுக்கி வைக்காதீர்கள். கதவைத் திறப்பவர்களில் பலருக்குப் பள்ளியில் பிள்ளை இருக்காது. ஓய்வுபெற்றவரிடம் கணக்குப் பாட வகுப்புப் பிரிப்பைப் பேசிப் பயனில்லை, வரிப்பணம் எப்படிச் செலவாகிறது என்று பேசுங்கள். ஆசிரியர் சங்கத்தின் நேர்காணலுக்கு அழைப்பு வந்தால் போங்கள். ஆதரவு கிடைக்காவிட்டாலும் போங்கள், நாளைக்கு எதிரில் உட்கார்ந்து பேசப்போவது அவர்களோடுதான்.

ஜெயித்த பிறகு மாட்டிவிடும் ஒன்றையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். 1953-ல் வந்த பிரவுன் சட்டப்படி, போர்டு வேலையைப் பெரும்பான்மை உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வெளியே பேசக் கூடாது. ஐந்து பேர் போர்டில் மூன்று பேர். நேரில் மட்டுமில்லை, வாட்ஸ்அப்பிலும் கூடாது. நீங்கள் ஒருவரிடம் சொல்லி, அவர் இன்னொருவரிடம் சொன்னாலும் மீறல்தான். 2017-ல் மாநில உச்ச நீதிமன்றம், சொந்தக் கைபேசியில் இருந்தாலும் பொது வேலை பற்றிய செய்தி பொது ஆவணமே என்று சொல்லிவிட்டது. ஆகவே தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவில் போர்டு விவகாரத்தைக் கொட்டாதீர்கள். முகநூலும் அப்படித்தான். சான் டியேகோ பக்கம் போவே டிஸ்ட்ரிக்டில் இரண்டு உறுப்பினர்கள், திரும்பத் திரும்பக் கேள்வி கேட்ட பெற்றோரைத் தங்கள் பக்கத்தில் பிளாக் செய்தார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது, 2024-ல் தீர்ப்பு வந்தது. பதவியின் பெயரால் பேசும் பக்கமா, சொந்தப் பக்கமா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். தனித்தனிப் பக்கம் வைத்துக்கொண்டால் தலைவலி மிச்சம்.

உடனே தேர்தலுக்குப் போக வேண்டும் என்றும் இல்லை. கட்டடப் பாண்டு மேற்பார்வைக் குழுவில் பெற்றோருக்கென்று இடம் உண்டு, பல ஊர்களில் ஆள் கிடைக்காமல் காலியாகக் கிடக்கும். பதவிக் காலம் முடியும் முன் யாராவது விலகினால், 60 நாளுக்குள் போர்டே தற்காலிகமாக ஒருவரை நியமிக்கலாம் அல்லது தேர்தலுக்கு விடலாம். நியமிக்கும்போது கூட்டங்களில் அடிக்கடி பார்த்த முகத்துக்குத்தான் வாய்ப்பு. எதிர்த்து யாரும் மனுப் போடாத இடங்களும் நிறைய உண்டு. அங்கே ஓட்டுச் சீட்டில் பெயர்கூட வராது, நேராகப் பதவிதான்.

கூட்ட நிகழ்ச்சி நிரல் 72 மணி நேரம் முன்பே வெளியாகிவிடும். அடுத்த கூட்டத்துக்குப் போவதற்கு முன் கடைசியாக வந்த இடைக்கால நிதி அறிக்கையைத் தரவிறக்கி, அதில் மூன்றாம் ஆண்டுக் கணிப்பு எவ்வளவு மாணவர் எண்ணிக்கையை நம்பிப் போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பொதுமக்கள் பேசும் நேரத்தில் பெரும்பாலும் மூன்று நிமிடம் தருவார்கள். அந்த எண் எப்படி வந்தது என்று கேளுங்கள்.